இணையம் எங்கே நின்றது? வீட்டுக்குள் ஒரு துப்பறியும் வேலை

இரவு மணி ஒன்பது. அறிவியல் பாட ஒப்படைப்பைப் பள்ளியின் கற்றல் தளத்தில் 11.59க்குள் பதிவேற்ற வேண்டும். இரண்டு வாரம் உழைத்து எடுத்த காணொளி. பதிவேற்றம் மூன்று விழுக்காட்டில் நிற்கிறது. சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது.

"எல்லாம் தம்பி விளையாடுற கேமால வந்தது" என்கிறார் அம்மா. "நான் ஒண்ணும் பண்ணல!" என்று அறைக்குள்ளிருந்து கத்துகிறான் தம்பி. "கம்பெனிக்குப் போன் போடுங்க" என்கிறார் பாட்டி. அப்பாவோ, "இந்த பிளான் நமக்குப் போதாது, இன்னும் வேகமானதுக்கு மாறிடலாம்" என்று ஈராண்டு ஒப்பந்தச் சலுகைகளைக் கைப்பேசியில் புரட்டத் தொடங்கிவிட்டார். நீங்கள் ரௌட்டரை மூன்றாவது முறையாக அணைத்துப் போடுகிறீர்கள்.

ஒரே வீட்டில் நான்கு கருத்துகள். தம்பி மீது பழி, அப்பாவின் பணப்பைக்கு ஆபத்து. ஆனால் ஒருவர்கூட இன்னும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற முறை இங்கே அப்படியே பயன்படும். ஊகம் செய்யுங்கள், சோதியுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், கண்டதை எழுதி வையுங்கள். இணையக் கோளாற்றைக் கண்டுபிடிக்கக் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. சரியான வரிசையில் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

அதற்குமுன் ஓர் அவசர உதவி. காலக்கெடு நெருங்கினால் முதலில் வேலையை முடியுங்கள். பெற்றோரிடம் கேட்டு, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக ஒப்படைப்பை அனுப்பிவிடுங்கள். துப்பறியும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

எட்டுச் சந்தேக நபர்கள்

உங்கள் மடிக்கணினியிலிருந்து புறப்படும் தகவல் கடந்து செல்லும் வழியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கருவி. இரண்டாவது, அங்கிருந்து ரௌட்டர் வரை காற்றில் செல்லும் வைஃபை அலை. மூன்றாவது ரௌட்டர். நான்காவது, ஒளியை மின்குறிப்பாகவும் மின்குறிப்பை ஒளியாகவும் மாற்றும் பெட்டி. இதை 'ஓஎன்டி' என்பார்கள். சில வீடுகளில் மூன்றும் நான்கும் ஒரே பெட்டியாக இருக்கும். ஐந்தாவது, சுவரிலிருந்து வெளியே செல்லும் கண்ணாடியிழை. ஆறாவது, சேவை நிறுவனத்தின் வலையமைப்பு. ஏழாவது, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் பெயர்த்தேடல் சேவை. எட்டாவது, நீங்கள் அடைய நினைக்கும் தளத்தின் சேவைக் கணினி.

எட்டுப் பேரில் ஒருவர் குற்றவாளி. ஒவ்வொருவராக விசாரித்தால் ஏழு கேள்விகள்வரை தேவைப்படலாம். ஆனால் சந்தேகப் பட்டியலைப் பாதி பாதியாகப் பிரிக்கும் கேள்விகளைக் கேட்டால்? எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மூன்றே கேள்விகள்! நடைமுறையில் எப்போதும் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் நான்கைந்து கேள்விகளுக்குள் குற்றவாளி பெரும்பாலும் அகப்பட்டுவிடுவார்.

முதல் கேள்வி: எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

இன்னொரு கருவியில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியில் சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபை பலவீனமானால் கைப்பேசி சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். "போனில் வருகிறதே" என்று நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

மற்ற கருவிகளில் எல்லாம் சரியாக வருகிறது, மடிக்கணினியில் மட்டும் இல்லை என்றால் ரௌட்டரைத் தொடவே வேண்டாம். சிக்கல் கருவியில் இருக்கிறது. வைஃபை அணைந்திருக்கிறதா, விமானப் பயண முறை தற்செயலாக இயங்கிவிட்டதா என்று பாருங்கள். நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள். கடிகாரம் தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். ஒவ்வொரு தளமும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் நம்புகிறது.

பள்ளி வழியாக வாங்கிய கற்றல் கருவி என்றால் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். அதில் பள்ளியின் மேலாண்மைச் செயலி இருக்கும். சில தளங்கள் அதில் திறக்காமல் இருப்பது கோளாறு அல்ல, கட்டுப்பாடு.

எல்லாத் தளங்களும் வருகின்றன, ஒன்று மட்டும் வரவில்லை என்றால், எட்டாவது சந்தேக நபரைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் கடைசி ஒரு மணி நேரத்தில் பதிவேற்றினால் எந்தத் தளமும் திணறலாம்.

இரண்டாம் கேள்வி: காற்றிலா, அதற்கு அப்பாலா?

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ரௌட்டருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். முடிந்தால் வைஃபையை அணைத்துவிட்டு லேன் கேபிளால் நேரடியாக இணையுங்கள். அங்கே வேகம் சரியாக வந்தால், மூன்று முதல் எட்டுவரை எல்லாரும் நிரபராதிகள். குற்றம் காற்றில்தான்.

இதையே இன்னும் துல்லியமாகச் சோதிக்க ஒரு கருவி ஒவ்வொரு வீட்டுக் கணினியிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் 'பிங்'. அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் இதை எழுதினார். வலையமைப்பு ஒன்று விசித்திரமாக நடந்துகொண்டதைக் கண்டு, காரணத்தைத் தேடுவதற்காகவே எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்குமல்லவா? அந்தச் சோனார் எழுப்பும் ஒலிதான் 'பிங்'. இந்த நிரலும் அதைத்தான் செய்கிறது. ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று சொல்கிறது.

வீட்டுக் கணினியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரௌட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்; வைஃபை அமைப்புகளிலும் காணலாம். பதில் ஒரே சீராக, சில மில்லிவிநாடிகளில் வந்தால் காற்றுவழி நலம். 4, 250, 7, 'நேரம் கடந்தது', 600 என்று தாவினால் வைஃபைதான் தடுமாறுகிறது.

அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்கு அதே கட்டளை. இது கூகள் நடத்தும் பொதுப் பெயர்த்தேடல் சேவையின் முகவரி. இங்கிருந்து பதில் வருகிறது, ஆனால் எந்தத் தளத்தையும் பெயர் சொல்லித் திறக்க முடியவில்லை என்றால், வழி திறந்தே இருக்கிறது. முகவரிப் புத்தகம்தான் காணாமல் போயிருக்கிறது. ஏழாவது சந்தேக நபர் அகப்பட்டார். இந்தப் பெயர்த்தேடல் முறையும் 1983ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதை உருவாக்கியவர் பால் மொக்கபெட்ரிஸ்.

இன்னொரு துப்பு: உங்கள் கருவியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? அப்படியானால் ரௌட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை. யாரும் தராததால் கருவி தானாகவே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. கருவியின் வைஃபையை அணைத்துப் போட்டு, பிறகு ரௌட்டரை மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

மூன்றாம் கேள்வி: விளக்குகள் என்ன சொல்கின்றன?

ஓஎன்டி பெட்டியில் சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். 'பான்' என்று குறித்த விளக்கு நிலையாக எரிந்தால் கண்ணாடியிழைத் தொடர்பு நலம். 'எல்ஓஎஸ்' என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது சிமிட்டினால், வெளியிலிருந்து ஒளி வந்துசேரவில்லை என்று பொருள்.

தலைமுடியைப் போன்ற அந்தக் கண்ணாடியிழைக்குள் ஒளி வெளியேறாமல் ஓடுவது முழு அக எதிரொளிப்பால்தான். ஒளி இழையின் உட்சுவரில் சாய்வாக மோதும்வரை உள்ளேயே திருப்பி அனுப்பப்படும். இழையைக் கூர்மையாக மடக்கினால் அந்தக் கோணம் மாறுகிறது. ஒளி வெளியே கசிகிறது. சோபாவைத் தள்ளும்போது இழை நசுங்கியிருக்கலாம், கட்டி அழகுபடுத்தும்போது மடங்கியிருக்கலாம். மெதுவாக நேராக்கிப் பாருங்கள். இழையைக் கழற்றி அதன் முனைக்குள் மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. தெரியவில்லை என்பதாலேயே அது கண்ணுக்கு ஆபத்து.

இழை நேராக இருந்தும் சிவப்பு மறையவில்லை என்றால், இப்போது பாட்டி சொன்னது சரி. நிறுவனத்தை அழைக்கலாம்.

அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது?

ரௌட்டரும் ஒரு சிறு கணினிதான். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் யாரோடு பேசுகிறது என்ற பட்டியலை அது நினைவகத்தில் வைத்திருக்கிறது. நாள்கணக்கில் ஓடும்போது அந்த நினைவகம் நிரம்பலாம், நிரலில் பிழை நேரலாம். அணைத்தால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்குகிறது. அணைத்தபின் அரை நிமிடம் காத்திருங்கள். முதலில் ஓஎன்டி, அதன் விளக்குகள் நிலைபெற்றபின் ரௌட்டர் என்ற வரிசையில் போடுங்கள்.

ஆனால் அடிக்கடி இதைச் செய்ய வேண்டியிருந்தால், அது தீர்வாகாது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பது போலத்தான். இன்னொன்று, பின்பக்கம் ஊசித்துளைக்குள் இருக்கும் மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தாதீர்கள். அது மறுதொடக்கம் அல்ல. வைஃபை பெயர், கடவுச்சொல், நிறுவனம் செய்துதந்த அமைப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிடும். சிறு கோளாறு பெரிய கோளாறாகும்.

மெதுவாக வருவது வேறு கதை

இணையம் முற்றிலும் நின்றுவிட்டால் கண்டுபிடிப்பது எளிது. வருகிறது, ஆனால் ஆமை வேகத்தில் வருகிறது என்றால்தான் குடும்பச் சண்டை. இங்கே அளவீடு வேண்டும்.

முதலில் அலகைச் சரிபாருங்கள். நிறுவனம் சொல்வது மெகாபிட். கோப்பு பதிவிறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். ஒரு பைட் என்பது எட்டு பிட். ஆகவே விநாடிக்கு 1,000 மெகாபிட் திட்டத்தில் அதிகபட்சம் 125 மெகாபைட்தான் வரும். "எட்டில் ஒரு பங்குதான் தருகிறார்கள்" என்று கோபப்படுவதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள்.

கேபிளில் இணைத்துச் சோதித்தும் வேகம் 94, 95 மெகாபிட்டைத் தாண்டவே மறுக்கிறதா? லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக இருக்கும். 1,000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். ஒரு கம்பி அறுந்திருந்தால் கருவிகள் பேசி முடிவெடுத்து மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கணினியின் இணைப்புத் துளை பழையதாக இருந்தாலும் இதே எண் வரலாம்.

வைஃபை என்றால் அலையின் இயல்பைப் பார்க்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு சுமார் 6 சென்டிமீட்டர். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்து நீங்களே சரிபார்க்கலாம். முன்னது சுவர்களைத் தாண்டித் தூரம் செல்லும், ஆனால் மெதுவானது. அண்டை வீடுகளின் வைஃபையும் அதே தடத்தில் நெருக்கியடிக்கும். நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. இரவு உணவைச் சூடாக்கும்போது மட்டும் காணொளி தடுமாறினால் ஆச்சரியப்படாதீர்கள். பின்னது வேகமானது, ஆனால் சுவர்களுக்குப் பின்னால் சீக்கிரம் களைத்துவிடும்.

அடுத்து, தம்பியின் வழக்கு. அவனை இரண்டு நிமிடம் விளையாட்டை நிறுத்தச் சொல்லி வேகத்தை அளங்கள். மீண்டும் விளையாடச் சொல்லி அளங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். இணைய விளையாட்டுகள் விளையாடும் நேரத்தில் காணொளியைவிட மிகக் குறைந்த தகவலையே பயன்படுத்துகின்றன. விளையாட்டின் புதிய பதிப்பைப் பதிவிறக்கும்போதுதான் சுமை ஏறும். எண்கள் மாறவில்லை என்றால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுங்கள்.

கடைசியாகக் கேட்க வேண்டிய, ஆனால் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி

இப்போது நம் ஒன்பது மணி வீட்டுக்குத் திரும்புவோம். எல்லாக் கருவிகளும் அறைகளில் மெதுவாக இருக்கின்றன. ஆக, உங்கள் மடிக்கணினி நிரபராதி. விளையாட்டை நிறுத்தியும் வேகம் மாறவில்லை. தம்பி நிரபராதி. ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று அளந்தால் வேகம் பறக்கிறது. நிறுவனமும் நிரபராதி, அப்பாவின் பழைய திட்டமும் நிரபராதி. எஞ்சியிருப்பது காற்று.

"கடைசியாக நன்றாக இருந்தது எப்போது? அதற்குப் பிறகு வீட்டில் என்ன மாறியது?"

சனிக்கிழமை! தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, வரவேற்பறையில் கம்பிகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று ரௌட்டரை 'பாம் ஷெல்டர்' எனப்படும் வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள் நகர்த்தி, கேபிளைக் கதவிடுக்கு வழியாக விட்டு, கதவை இயன்றவரை சாத்திவிட்டீர்கள். முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் ரௌட்டர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

சிங்கப்பூரில் 1998 மே மாதத்திலிருந்து புதிய வீடுகள் வெடிகுண்டுத் தாக்குதலைத் தாங்கும் பாதுகாப்பு இடத்தோடு கட்டப்பட வேண்டும் என்பது சட்டம். பல வீவக வீடுகளில் அதற்காக ஒரு தனி அறையே உண்டு. இரும்புக்கம்பிகள் நிறைந்த தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. வெடிச்சிதறல்களைத் தடுக்கக் கட்டிய அறை வைஃபை அலையை மட்டும் வழிவிட்டு அனுப்புமா? கான்கிரீட் அலையை உறிஞ்சுகிறது, எஃகு அதைத் திருப்பி அடிக்கிறது. அந்தச் சுவரை உடைக்கவும் அனுமதியில்லை. ரௌட்டரை வெளியே கொண்டுவந்து, வீட்டின் நடுப்பகுதியில், சற்று உயரத்தில், மீன்தொட்டிக்கும் பெரிய கண்ணாடிக்கும் தள்ளி வைப்பதுதான் வழி. செலவு எதுவுமில்லை. அப்பா ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், வேகமான இணையமும் அதே எஃகுக் கதவில்தான் மோதியிருக்கும்.

வீட்டுக்கு வெளியே, கடலுக்கு அடியில்

சில நேரங்களில் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் இணையம் திணறும். 2006 டிசம்பர் 26ஆம் தேதி தைவானின் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடிக் கேபிள்கள் பல அறுந்தன. சிங்கப்பூர் உட்பட ஆசியாவின் பல பகுதிகளில் இணையம் தடுமாறியது. சீர்செய்யும் பணி பல வாரங்கள் நீடித்தது. அன்று எத்தனை வீடுகளில் ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்களோ!

தூரமும் ஒரு காரணம். கண்ணாடியிழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். போய்வர 28,000 கிலோமீட்டர். குறைந்தது 140 மில்லிவிநாடி. அமெரிக்காவிலுள்ள விளையாட்டுச் சேவையகத்தில் தாமதம் இருக்கிறது என்றால் எந்தத் திட்டம் வாங்கினாலும் அதற்குக் கீழே குறையாது. இயற்பியலோடு ஒப்பந்தம் போட முடியாதே!

நிறுவனத்தை அழைக்க வேண்டியிருந்தால், பெரியவர் பேசும்போது உங்கள் குறிப்பேட்டைக் கொடுங்கள். கோளாறு தொடங்கிய நேரம், எந்த விளக்கு என்ன நிறம், எத்தனை கருவிகள் பாதிக்கப்பட்டன, கேபிளில் அளந்த வேகம், இதுவரை செய்து பார்த்தவை ஆகிய ஐந்தும் போதும். "இன்டர்நெட் வரல" என்று சொல்பவரைவிட, "8.40 முதல் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருக்கிறது, மறுதொடக்கம் செய்தும் மாறவில்லை" என்று சொல்பவருக்கு உதவி விரைவில் கிடைக்கும்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

உங்கள் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரையுங்கள். ரௌட்டர் இருக்கும் இடத்தைக் குறியுங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒரே கருவியால், கதவு திறந்திருக்கும்போது மூன்று முறையும் மூடியிருக்கும்போது மூன்று முறையும் இணைய வேகத்தை அளந்து சராசரியை எழுதுங்கள். பிறகு பெற்றோரின் அனுமதியுடன் ரௌட்டரை ஒரு மீட்டர் மட்டும் நகர்த்தி மீண்டும் அளங்கள். எந்த அறை உங்களை வியக்க வைத்தது? அதற்கும் ரௌட்டருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள்.

தம்பியையும் உதவிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.